புதுசா பிரிண்ட் அடிக்க முதல் கேத்திலைப் போடுங்கோ



இந்த வாரப் பதிவில 3டி பிரிண்டர் பற்றிக் கதைக்கேக்க நான் இடையில ஒரு வசனம் சொன்னனான்: "வளைஞ்ச துண்டுக்குப் பிரிண்டர் தேவையில்லை, கேத்தில் காணும்." ரெண்டு பேரும் சிரிச்சுப்போட்டு அடுத்த விசயத்துக்குப் போயிட்டம். ஆனால் நான் பகிடிக்குச் சொல்லேல்லை. அதனால இந்த மடல் முழுக்க அதுதான். விமான மொடல் கட்டாத ஆக்களும் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ. பிரிண்டர் வாங்குவமா எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு இதுக்குள்ள விசயம் இருக்கு.

தெரியாதவைக்கு ஒரு சின்ன விளக்கம். பிளாஸ்ரிக் விமான கிட் எண்டால் ஒரு பெட்டி. உள்ள நாலைஞ்சு பிளாஸ்ரிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலயும் துண்டுகள் காய் காய்ச்ச மாதிரித் தொங்கும். வெட்டி எடுத்து, அராவி, ஒட்டி, பெயின்ற் அடிக்க வேணும். ஏர்ஃபிக்ஸ் கம்பனி 1950களில் 1/72 அளவில் தன்ர முதல் விமான கிட்டா ஸ்பிட்ஃபயரை விட்ட காலத்தில இருந்து இண்டைக்கு வரைக்கும் அடிப்படை மாறேல்லை: உருக்கின பொலிஸ்டைரீனை இரும்பு அச்சுக்குள்ள அழுத்தி ஏத்துறது, குளிர விடுறது, தள்ளி வெளியில எடுக்கிறது. அதே மாதிரி, பெட்டியைத் திறந்தால் இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கிற பிரச்சினையும் மாறேல்லை.

இப்ப கேள்வி: வளைஞ்ச இறக்கையை என்ன செய்யிறது? எங்கட வயசு ஆக்களிட்டக் கேட்டால் ரெண்டு பதில்தான் வரும். ஒண்டு, "கம்பனிக்கு எழுதிப் புதுத் துண்டு எடு." மற்றது, "ஃபைல் எங்கையாவது இருக்கும், பிரிண்ட் அடி." நான் ரெண்டுக்கும் எதிர். அந்தத் துண்டு பழுதாகேல்லை. அது வேற வடிவத்தில உறைஞ்சு போய் இருக்கு, அவ்வளவுதான். பொலிஸ்டைரீனுக்கு வடிவம் எண்டது நிரந்தரமில்லை. அதைப் புரிஞ்சுகொண்டு கையால திருப்பி எடுக்கிறதுதான் சரியான வேலை எண்டு நான் நினைக்கிறன்.

முதல்ல ஏன் வளையுது எண்டு பாப்பம். உருகின பிளாஸ்ரிக் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸில அச்சுக்குள்ள போகுது. குளிரேக்க அது சுருங்கும். பொலிஸ்டைரீன் பொதுவா அரை வீதம் அளவு சுருங்கும். அது பரவாயில்லை, அச்சு செய்யிறவை அதைக் கணக்குப் பாத்துக் கொஞ்சம் பெருசா வெட்டியிருப்பினம். பிரச்சினை வாறது எல்லா இடமும் ஒரே மாதிரிச் சுருங்காததால. இறக்கையின் முன்விளிம்பு தடிப்பு, பின்விளிம்பு மெல்லிசு. மெல்லிசான இடம் முதல்ல உறைஞ்சிடும். தடிச்ச இடம் பிறகும் குளிர்ந்து சுருங்கி, உறைஞ்ச இடத்தைப் பிடிச்சு இழுக்கும். அந்த இழுவை பிளாஸ்ரிக்குக்குள்ளயே பூட்டுப்பட்டுப் போகும். தொழிற்சாலையில அவசரப்பட்டு, வடிவா ஆற முதல் தள்ளி எடுத்தால் இன்னும் மோசம். உங்கட கிட் இறக்கையின் உள்பக்கத்தில சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும் பாருங்கோ, அது தள்ளின ஊசிகளின் அடையாளம். பிறகு பெட்டி பத்து வருசம் கராஜில கிடக்கும். மேல நாலு பெட்டி ஏறும். வெயில் காலத்தில சூடாகும். மிச்ச வளைவு அப்பிடி வரும்.

இப்ப என்ர வீட்டுக் கதைக்கு வாறன்.

எனக்குப் பதினொரு வயசில அப்பா ஒரு கராஜ் சேலில ஸ்பிட்ஃபயர் கிட் ஒண்டு வேண்டித் தந்தவர். 1/48 அளவு. எந்தக் கம்பனி எண்டது இந்தக் கதைக்குத் தேவையில்லை. பெட்டி திறந்திருந்தது, ஆனால் துண்டு ஒண்டும் குறையேல்லை. இறக்கையின் கீழ்ப்பக்கம் ஒரு முனையில இருந்து மற்ற முனை வரைக்கும் ஒரே துண்டு. அதில இடது பக்கம் மட்டும் மேல வளைஞ்சு நிண்டது. நான் அழுதிருப்பன் போல, எனக்கு ஞாபகமில்லை, அம்மா சொல்லுறா. அப்பா அப்ப இரவு வேலை. காலமை வந்து நித்திரை கொள்ளாமல் குசினியில கேத்திலைக் கொதிக்க வைச்சு, ஒரு தட்டில அந்தத் துண்டை வைச்சு, கொதிக்கக் கொதிக்க ஊத்தினார்.

எண்ணெய்க்குள்ள போட்ட அப்பளத்தைப் பாத்திருக்கிறீங்கள்தானே. பின்விளிம்பு அப்பிடியே அலை அலையா நெளிஞ்சு போச்சு. அப்பா கரண்டிக் காம்பால அமத்திப் பாத்தார். நடுவில ஒரு குழியும் விழுந்தது. "சரி, வேற வேண்டுவம்" எண்டார். வேற வேண்டேல்லை. பெட்டி பேஸ்மென்ற்றுக்குப் போச்சு. போன மாரியில நான் அதைத் திரும்ப எடுத்தன்.

அப்பா விட்ட பிழை என்ன? முறை சரி. அளவுதான் பிழை. பொலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 பாகையில கண்ணாடித் தன்மையை விட்டு ரப்பர் மாதிரி ஆகுது. கொதிக்கிற தண்ணியும் 100 பாகை. அதாவது அவர் அந்தத் துண்டைச் சரியா எல்லைக்கோட்டில கொண்டுபோய் நிப்பாட்டினார். தடிச்ச இடம் சூடாக நேரம் எடுக்கும், ஒரு மில்லிமீற்றர் கூடத் தடிப்பில்லாத பின்விளிம்பு உடன சூடாகி, உள்ள பூட்டுப்பட்டிருந்த இழுவையெல்லாம் ஒரேயடியா அவிழ்ந்து, தன்ர பாட்டில சுருண்டுபோச்சு. எல்லையைத் தொடத் தேவையே இல்லை. 100க்குக் கீழயே, மெதுவான அழுத்தம் குடுத்தால் பிளாஸ்ரிக் கொஞ்சம் கொஞ்சமா இடம் குடுக்கும்.

நான் செய்யிறது இப்பிடி. இறைச்சிக்குக் குத்துற சமையல் தெர்மோமீற்றர் ஒண்டு வேண்டுங்கோ. அகலமான தட்டம் ஒண்டு, திரும்பச் சாப்பாட்டுக்கு எடுக்காதது. (அம்மாமார் வாசிக்கினம் எண்டால்: ஓம், வேற தட்டம்தான்.) துண்டை ஒரு இரும்பு அடிமட்டத்தோட சேர்த்து, வளைவுக்கு எதிராக் கொஞ்சம் அமத்தி, ரேப்பால கட்டுங்கோ. இறுக்கிக் கட்டாதேங்கோ, பிடிச்சால் காணும். தண்ணியை 60 பாகையில தொடங்குங்கோ. அரை நிமிசம் வைச்சு எடுத்து, ஆற விட்டு, அவிழ்த்துப் பாருங்கோ. மாற்றம் இல்லையா, 65. பிறகு 70. நான் 80க்கு மேல ஒருநாளும் போறதில்லை. எடுத்த உடன குளிர்தண்ணிக்குள்ள போடுற ஆக்களும் இருக்கினம். கையால வளைச்சுப் பிடிக்கிறது எண்டால் அது சரி, இல்லாட்டி ஆறும் வரைக்கும் பிடிச்சுக்கொண்டு நிக்க வேணும். ஆனால் அடிமட்டத்தோட கட்டியிருந்தால் தன்ர பாட்டில ஆற விடுறதுதான் நல்லது எண்டது என்ர எண்ணம். அவசரமாக் குளிர வைச்சதாலதானே முதல்ல இந்தப் பிரச்சினை வந்தது.

ஹெயர் ட்ரையர் வேண்டாம். அது ஒரு இடத்தைச் சுடும், பக்கத்து இடத்தைச் சுடாது. மெழுகுதிரி, லைற்றர், அவன் பற்றி நான் கதைக்கவே மாட்டன். தண்ணியின்ர நல்ல குணமே அது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி நடத்தும், அதோட அதின்ர சூட்டை நீங்கள் அளந்து பாக்கலாம். ரெசின் துண்டுகளுக்கு இன்னும் குறைந்த சூடு காணும், அது பொலிஸ்டைரீனைவிட முதலே இளகிடும். விமானியின் கண்ணாடிக் கூட்டை மட்டும் தொடாதேங்கோ. அது தெளிவான பொலிஸ்டைரீன், பொறுமை இல்லாத சாமான். வளைக்கப் போனால் வெடிப்புத்தான் மிஞ்சும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. வளைஞ்சதை வளைஞ்சபடியே எடுத்து, கிளிப்பும் ரப்பர் பாண்டும் போட்டு நெரிச்சு, பசையை ஊத்தி, "காய்ஞ்சால் சரி" எண்டுற கூட்டம். இதுதான் எனக்குச் சரியான கோபம் வாற விசயம். மொடல் பசை எண்டது உண்மையில பசை இல்லை, கரைப்பான். அது ரெண்டு பக்கப் பிளாஸ்ரிக்கையும் கரைச்சு ஒண்டாக்கி, பிறகு ஆவியாப் போகுது. பொலிஸ்டைரீனுக்கு ஒரு பலவீனம் உண்டு: இழுவையில இருக்கேக்க கரைப்பான் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் விழும். அதாவது நீங்கள் நெரிச்சுப் பிடிச்ச இடத்திலயே, ஒட்டுறதுக்கு ஊத்தின சாமானே அதைப் பலவீனமாக்குது. அண்டைக்கு ஒண்டும் தெரியாது. பெயின்ற் அடிச்சு, அலுமாரியில வைச்சு, மாதக்கணக்குக்குப் பிறகு பாத்தால் பொருத்து ஒரு மயிரிழை திறந்து நிக்கும். நீளமான உடல் பாதிகள் கொஞ்சமா வளைஞ்சிருந்தால் மட்டும் வெந்நீர் இல்லாமல் சமாளிக்கலாம்: மூக்கில இருந்து தொடங்கி ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் ஒட்டி, காய விட்டு, அடுத்த ரெண்டு மூண்டு. உள்பக்கத்தில பிளாஸ்ரிக் கீலங்களை மாறி மாறி ஒட்டி நாக்கு மாதிரி நீட்டி விட்டால் பாதிகள் ஒண்டோடொண்டு பிடிச்சு நிக்கும். ஒரு முழுப் பின்னேரம் போகும். போகட்டும். ஆனால் முறுகின துண்டுக்கு அது சரிவராது.

இனி பிரிண்டர். என்னட்டயும் ஒண்டு இருக்கு, நான் பிரிண்டருக்கு எதிரி இல்லை. துண்டு தொலைஞ்சால், உடைஞ்சால், கிட்டில இல்லாத என்ஜினோ இருக்கையோ வேணுமெண்டால் அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் வளைஞ்ச இறக்கைக்குப் பதில் இறக்கை அடிக்கிறது எண்டு வெளிக்கிட்டுப் பாருங்கோ. முதல்ல, உங்கட உடலோட பொருந்துற இறக்கை வேணும். இன்னொருத்தர் இன்னொரு கிட்டுக்குச் செய்த ஃபைல் பொருந்தாது. நீங்களே அளந்து வரைய வேணும். எதை அளப்பீங்கள்? வளைஞ்ச இறக்கையை. பிறகு, ரெசின் பிரிண்டரில நீளமான மெல்லிசான துண்டு அடிச்சால் அதுவும் வளையும். ஒளி பட்டு இறுகேக்க அதுவும் சுருங்குது, ஒரு பக்கம் கூட இறுகினால் அந்தப் பக்கம் இழுபடும். வெயில் படுற யன்னல் ஓரம் வைச்சால் இன்னும் இறுகி இன்னும் வளையும். சுருளில இருந்து உருக்கி அடிக்கிற பிரிண்டரில பி.எல்.ஏ. பாவிச்சால் அது 60 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். யூலை மாசம் காருக்குள்ள விட்டுப் பாருங்கோ. ஏ.பி.எஸ். எண்டால் அடிக்கேக்கயே மூலை கிளம்பும். மொத்தத்தில வளைவை விட்டு ஓடி இன்னொரு வளைவிட்டப் போறீங்கள்.

ஒரு வித்தியாசம் இருக்கு, அதுதான் எனக்குப் பெரிய காரணம். பொலிஸ்டைரீன் சூட்டுக்கு இளகும், ஆறினால் இறுகும், திரும்பவும் இளகும். அதின்ர நீளச் சங்கிலிகள் ஒண்டோடொண்டு கட்டுப்படாமல் சிக்குப்பட்டு மட்டும் கிடக்கு. ரெசின் பிரிண்ட் அப்பிடியில்லை. ஒளி பட்ட உடன சங்கிலிகள் ஒண்டோடொண்டு நிரந்தரமாப் பிணைஞ்சிடும். சூடாக்கினால் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், ஆனால் ஒருநாளும் உருகாது. மொடல் பசைக்கும் கரையாது, சுப்பர் குளூ தான் வேணும். அதாவது ஒரு பிழைக்கு இன்னொரு சந்தர்ப்பம் தாற சாமானைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, அப்பிடித் தராத சாமானை வேண்டுறம்.

சரி, என்ர இறக்கைக்கு வருவம். அப்பாவின்ர அப்பளத்தைச் சுடுதண்ணியால திருத்த ஏலாது. அந்த இடம் சுருங்கித் தடிச்சுப் போயிருந்தது. நெளிஞ்ச பின்விளிம்பை ஒரு நேர்கோட்டில வெட்டி எடுத்துப்போட்டு, அரை மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் சீற்றை ஒட்டி, அராவி அராவி மெல்லிசாக்கினன். குழியைப் புற்றியால நிரப்பினன். பிறகு இடது பக்கத்தை அடிமட்டத்தோட கட்டி 70 பாகையில ரெண்டு தரம். வளைவு போச்சு. நேர்கோடு எண்டால் நேர்கோடு.

அந்தச் சந்தோசத்தில வலது பக்கத்தைப் பாத்தன். அது வளையேல்லை, ஆனால் முனையில கொஞ்சம் முறுகி இருந்தது. முன்விளிம்பு கீழயும் பின்விளிம்பு மேலயும். இதுவும் கோணல்தானே எண்டு அதையும் அடிமட்டத்தோட கட்டினன். 70 பாகை. வடிவா நேராகிச்சு. படமெடுத்து வைச்சனான்.

அடுத்த கிழமை மொடல் கிளப்புக்குக் கொண்டுபோனன். அங்க ஒரு வயசான மனுசன், வேலை செய்த காலத்தில விமானம் திருத்தினவர். இறக்கையைக் கையில எடுத்து, முனைப் பக்கத்தில இருந்து ஒரு கண்ணை மூடிப் பாத்தார். "ஏன் முறுக்கை எடுத்தனீ?" எண்டு கேட்டார்.

உண்மையான ஸ்பிட்ஃபயரின் இறக்கை நேரானதில்லை. உடலோட சேர்ற இடத்தில அது 2 பாகை மேல நோக்கி இருக்கு. முனைக்குப் போகப் போகக் குறைஞ்சு, முனையில அரைப் பாகை கீழ நோக்கி இருக்கு. மொத்தம் 2.5 பாகை முறுக்கு, வேணுமெண்டே வைச்சது. விமானம் வேகம் குறைஞ்சு, மூக்கைத் தூக்கி, தூக்குவிசையை இழக்கிற நேரத்தில, உடலுக்குக் கிட்ட இருக்கிற இடம் முதல்ல இழக்கும். முனை அதுக்குப் பிறகுதான். அந்த இடைவெளியில விமானம் உதறும், விமானிக்கு எச்சரிக்கை கிடைக்கும், முனைக்குக் கிட்ட இருக்கிற சுக்கான்களும் இன்னும் வேலை செய்யும். ஆர். ஜே. மிச்செலின் குழுவில அந்த இறக்கையின் வடிவத்துக்குப் பெரும் பங்கு செய்தவர் பெவர்லி ஷென்ஸ்டோன். ரொறன்ரோவில பிறந்தவர், எங்கட ஊர்ப் பல்கலைக்கழகத்தில படிச்சவர். அவர் யோசிச்சு வைச்ச முறுக்கை நான் ஒரு அடிமட்டத்தால எடுத்துப்போட்டன்.

1/48 அளவில முனைக்குக் கிட்ட இறக்கையின் அகலம் ஏறக்குறைய 30 மில்லிமீற்றர். 2.5 பாகை எண்டால் அங்க 1.3 மில்லிமீற்றர் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியுற அளவுதான். வடிவாப் பாத்திருந்தால் பிடிச்சிருப்பன். அச்சு செய்தவை அதைச் சரியாச் செய்திருந்தினம்: வளையாத மேல்பாதிகள் ரெண்டிலயும் அதே முறுக்கு, அதே பக்கம், அதே அளவில இருந்தது. தற்செயலா வாற கோணல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வராது. எனக்குப் பக்கத்திலயே விடை கிடந்தது, நான் அடிமட்டத்தைத்தான் நம்பினன். அப்பா தெர்மோமீற்றர் இல்லாமல் ஒரு பக்கத்தைக் கெடுத்தார், நான் தெர்மோமீற்றரோட ரெண்டு பக்கத்தையும் கெடுத்தன்.

இதை ஏன் எழுதுறன் எண்டால், பிரிண்ட் அடிச்சிருந்தால் இந்தக் கதை எனக்குத் தெரிஞ்சிருக்காது. நேரான இறக்கை ஒண்டை வரைஞ்சு, நேரா அடிச்சு, நேரா ஒட்டி, சரி எண்டு விட்டிருப்பன். பெரிய விமானங்களிலயும் இதே பிழையைத்தான் கனபேர் விடுகினம். பி-52 குண்டுவீச்சு விமானம் எரிபொருள் நிரப்பி நிலத்தில நிக்கேக்க இறக்கை முனைகள் கீழ தொங்கும், அதுக்காகத்தான் முனைக்குக் கிட்டச் சின்னச் சில்லு வைச்சிருக்கு. பறக்கேக்க அதே இறக்கை மேல வளையும். நிலத்தில நிக்கிற மொடலுக்கு இறக்கையை அடிமட்டம் மாதிரி நிமிர்த்தி வைச்சால் அது பிழை. ஆகவே கேத்திலைப் போட முதல் ஒரு வேலை இருக்கு: உண்மையான விமானத்தின்ர படத்தை, முன்னால இருந்தும் முனையில இருந்தும் எடுத்ததைத் தேடிப் பாருங்கோ. மற்றப் பக்கத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ. ஒட்டாமல் சும்மா பொருத்திப் பாருங்கோ. சிலநேரம் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் எதிரெதிராக் கோணி, சேர்த்தால் ஒண்டை ஒண்டு நிமிர்த்திடும். அப்ப சூடே தேவையில்லை.

என்ர இறக்கையைத் திருப்பி எடுத்தது இப்பிடி: கீழ்த்துண்டை மேல்பாதிகளோட ரேப்பால கட்டி, மூண்டையும் சேர்த்து 65 பாகைத் தண்ணிக்குள்ள. மேல்பாதியே அச்சு. மூண்டு தரம் எடுத்தது. வலது பக்கம் முழுசா வந்திட்டுது. இடது பக்கத்தில, புது விளிம்பு ஒட்டின இடத்தில கொஞ்சம் குறையத்தான் நிக்குது. பெயின்ற் அடிச்சால் என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

போன ஞாயிறு ஒட்டி முடிச்சு, அப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கிளப் மனுசன் மாதிரியே முனைப் பக்கத்தில இருந்து ஒரு கண்ணை மூடிப் பாத்தார்.

"இன்னும் கோணலாத்தானே கிடக்கு," எண்டார்.